வேண்டும்பொழுது மட்டும் பேசும் கம்பி

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காட்பாடியிலிருந்து வடக்கே செல்லும் ரயில், சித்தூரைக் கடந்து, பாகாலா சந்திப்பை அடைந்து, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போய்ச் சேருகிறது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. அன்று முதல், 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, இவ்விரு ஊர்களும் ஒரே மாவட்டத்தின் இரு கண்களாக விளங்கின. நிர்வாகத்தின் தலைமையிடம் சித்தூர். மக்கள் திரளோ திருப்பதியில். கோப்புகள் ஓரிடத்தில் இருக்க, கூட்டம் மற்றோரிடத்தில் இருந்தது. ஆகவே, சித்தூரில் தலைமை அலுவலகத்தையும் திருப்பதியில் கிளையையும் வைத்துக்கொண்ட நிறுவனங்கள் பல உண்டு.

இத்தகைய ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிகள் வந்து சேர்ந்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. சித்தூரில் பத்துக் கணிப்பொறிகள் தமக்குள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. திருப்பதியில் ஐந்து அவ்வாறே இணைக்கப்பட்டிருக்கின்றன. இவ்விரு கூட்டங்களும் ஒன்றோடொன்று பேச வேண்டுமாயின், இடையிலுள்ள 70 கிலோமீட்டரை எவ்வாறு கடப்பது? இக்கேள்விக்கு ஒரு காலத்தில் அளிக்கப்பட்ட சிக்கனமான விடையொன்றையும், அவ்விடைக்குள் மறைந்திருந்த ஆபத்தையும், அதிலிருந்து இன்றும் நாம் கற்றுக்கொள்ளத்தக்க பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அடிக்கடி சென்று வரவேண்டிய ஒருவர் இரு விதமாக ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு வண்டியை மாத வாடகைக்கு அமர்த்தி, வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். அல்லது, போக வேண்டிய வேளையில் மட்டும் ஒரு வண்டியை அழைத்து, இறங்கியவுடன் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம். நாள் முழுவதும் பயணம் செய்பவருக்கு முதல் வழி இலாபம். நாளுக்கு இருமுறை செல்பவருக்கு இரண்டாவது வழியே இலாபம். கம்பித் தொடர்பிலும் இதுவே கணக்கு. தொலைபேசித் துறையிடம் ஒரு தனிக் கம்பியை இரவும் பகலும் தமக்கென்றே வாடகைக்குப் பெறுவது முதல் வழி; அதற்கு 'லீஸ்டு லைன்' என்று பெயர். சாதாரணத் தொலைபேசியின் வாயிலாக வேண்டும்பொழுது மட்டும் அழைத்துப் பேசி, வேலை முடிந்ததும் துண்டித்துவிடுவது இரண்டாவது வழி.

இந்த இரண்டாவது வழி எளியதாகத் தோன்றலாம். ஆயினும், அது கைகூடுவதற்குத் தொலைபேசி நெடுந்தூரம் நடந்து வர வேண்டியிருந்தது. இந்தியாவில் 1881-82-ஆம் ஆண்டுகளில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. அக்காலத்தில் ஒருவர் மற்றொருவரோடு பேச வேண்டுமென்றால், நிலையத்தில் அமர்ந்திருக்கும் பணியாளர் தம் கையால் ஒரு கம்பியை மற்றொரு கம்பியோடு இணைக்க வேண்டும். வெளியூருக்குப் பேசுவதோ பெரும் காரியம். 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் மூத்தவர் பலருக்கும் நினைவிருக்கும். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, மின்னல் அழைப்பு என்று அவற்றில் தரங்களும் இருந்தன. தரம் உயர உயரக் கட்டணமும் உயர்ந்தது.

பணியாளரின் கையை நாடாமல் இயந்திரமே இணைக்க முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர். இவர் சவ அடக்கத் தொழில் நடத்தியவர். தம்மைத் தேடி வரும் அழைப்புகளை நிலையத்துப் பணியாளர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஐயுற்று அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். 1891-ஆம் ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் முதல் தானியங்கி நிலையம் 1913-14-இல் சிம்லாவில் அமைந்தது. 1960-ஆம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, பணியாளரின் துணையின்றிச் சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி முதன்முதலாக ஏற்பட்டது. இதையே நாம் 'எஸ்.டி.டி.' என்று அழைத்தோம்.

இதன் உட்பொருளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மனிதனுடைய விரல் சுழற்றக்கூடிய எண்ணை ஓர் இயந்திரமும் சுழற்றலாம். நடுவில் வேறொரு மனிதர் தேவையில்லை என்றாகிவிட்டபடியால், இரு முனைகளிலும் மனிதர் இல்லாமலேயே ஓர் அழைப்பு நிகழ முடியும். நள்ளிரவில், பூட்டிய அலுவலகத்தில், விளக்கணைந்த அறையில், ஓர் இயந்திரம் மற்றோர் இயந்திரத்தை அழைத்துப் பேசிவிட்டு வைத்துவிடலாம். நன்மையும் தீமையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

கணிப்பொறி தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு துணைவன் வேண்டும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளையே அது ஏற்றுச் செல்லும். கணிப்பொறியோ ஒன்று, சுழி என்னும் இரண்டே குறிகளால் ஆன மொழியில் பேசுவது. இக்குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பவும், மறுமுனையில் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றவும் 'மோடம்' என்னும் கருவி பயன்பட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இக்கருவியின்மீது தனி அன்பு உண்டு. இருவர் பேச்சுக்கு நடுவே நின்று, தன் சரக்கு எதையும் சேர்க்காமல், கேட்டதைக் கேட்டவாறே மறுமொழியில் கொடுப்பதுதான் அதன் கடமை. 1994-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிமுறையின்படி ஒரு மோடம் விநாடிக்கு 28,800 குறிகளை அனுப்பலாம். இரண்டாண்டுகளில் அது 33,600 ஆக உயர்ந்தது. ஆனால் கம்பியில் இரைச்சல் மிகுந்தால் வேகம் தானே குறைந்துவிடும்.

நம் நாட்டில் இம்முறையின் சிறந்த முன்னோடி, கல்வி நிறுவனங்களை இணைப்பதற்காக மத்திய அரசின் மின்னணுவியல் துறை 1986-இல் தொடங்கிய 'எர்னெட்' திட்டம். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் இதற்கு உதவியது. தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து இடங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் அதன் முதல் உறுப்பினர். தொடக்க நாட்களில் இவற்றின் கணிப்பொறிகள் சாதாரணத் தொலைபேசிக் கம்பி வழியாக அழைத்தே மின்னஞ்சலைப் பரிமாறிக்கொண்டன. அதற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970-களின் பிற்பகுதியில் உருவான 'யு.யு.சி.பி.' என்னும் முறை உதவிற்று. கடிதங்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது, குறித்த வேளையில் அழைப்பது, சேர்ந்தவற்றை எல்லாம் ஒரே மூச்சில் கொடுத்து வாங்குவது, பின்னர்த் துண்டிப்பது என்பதே இதன் நடைமுறை. தபால் பையைக் கட்டி வைத்திருந்து ரயில் வந்ததும் ஏற்றிவிடுவது போன்றதே இது. 1989-இல்தான் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு நிலையான கம்பியொன்று அமைந்தது. அதன் வேகமும் விநாடிக்கு 9,600 குறிகளே.

கடிதம் காத்திருக்கும், ஆனால் அலுவலக வேலை காத்திருக்காது. திருப்பதிக் கிளையில் ஒருவர் வந்து நின்று தம் கணக்கு விவரத்தைக் கேட்கிறார். அது சித்தூரிலுள்ள கணிப்பொறியில் இருக்கிறது. எழுத்தர் பொத்தானை அழுத்தியதும் விவரம் திரையில் வர வேண்டும். இங்கேதான் 'ரூட்டர்' என்னும் கருவி வருகிறது. ஒரு கூட்டத்துக் கணிப்பொறிகளிலிருந்து வெளியூருக்குப் போக வேண்டிய செய்திப் பொட்டலங்களைப் பெற்று, மேல்விலாசத்தைப் படித்து, எந்த வழியே அனுப்ப வேண்டுமோ அந்த வழியே அனுப்புவது இதன் வேலை. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் ஊழியரை இதற்கு ஒப்பிடலாம். இந்த ரூட்டருக்கு எண்ணைச் சுழற்றவும் துண்டிக்கவும் அதிகாரம் கொடுத்துவிட்டால் என்ன நிகழும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எழுத்தர் பொத்தானை அழுத்துகிறார். பொட்டலம் திருப்பதி ரூட்டரை அடைகிறது. ரூட்டர் தன் பட்டியலைப் பார்க்கிறது. 'சித்தூர் செல்லும் பொட்டலங்களுக்கு வழி தொலைபேசி' என்று அதில் எழுதியிருக்கிறது. கம்பி அப்பொழுது உறங்கிக்கொண்டிருக்கிறது. இப்பொட்டலத்துக்காக அதை எழுப்பலாமா என்று ரூட்டர் தனக்குக் கொடுக்கப்பட்ட விதிகளைச் சரிபார்க்கிறது. எழுப்பலாம் என்று விதி கூறினால், மோடத்திடம் எண்ணைக் கொடுக்கிறது. மறுமுனையில் சித்தூர் மோடம் எடுக்கிறது. இரண்டும் கீச்சிட்டும் இரைந்தும் ஒன்றன் குரலை ஒன்று அறிந்துகொள்கின்றன. ஏறத்தாழ அரை நிமிடத்தில் இணைப்பு அமைகிறது. இரு ரூட்டர்களும் தாம் இன்னாரென்று மெய்ப்பித்துக்கொள்கின்றன. பிறகு பொட்டலங்கள் போய் வருகின்றன. வேலை ஓய்ந்ததும் ரூட்டர் விநாடிகளை எண்ணத் தொடங்குகிறது. குறித்த நேரம் வரை புதிய பொட்டலம் எதுவும் வாராவிடில், கம்பியைத் துண்டிக்கிறது. எழுத்தருக்கு இவை ஒன்றும் தெரியா. முதல் விடை மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது என்பதே அவர் அறிவது.

நல்ல ஏற்பாடுதானே, இதில் குறை என்ன என்று கேட்கத் தோன்றும். மேலே கூறியவற்றில் 'எழுப்பலாமா' என்று ஒரு சொல் வந்தது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. என் அனுபவத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சி இதை விளக்கும்.

1999-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் இங்கே பெயர் கூறாமல் விடும் ஓர் அலுவலகத்துக்குத் தலைமையிடம் சித்தூரிலும் கிளை திருப்பதியிலும் இருந்தன. கிளையிலிருந்து சித்தூருக்கு இவ்வாறு அழைத்துப் பேசும் ரூட்டரொன்றை அப்பொழுதுதான் அமைத்திருந்தனர். அடுத்து வந்த தொலைபேசி பில்லைக் கண்டு கணக்கர் திடுக்கிட்டார். வழக்கமான தொகையைப்போல் அது பன்மடங்கு இருந்தது. பில்லில் மொத்த அலகுகள்தாம் குறிக்கப்பட்டிருந்தன. எந்த எண்ணுக்கு எப்பொழுது பேசப்பட்டது என்ற விவரம் இல்லை. மோடம் இணைந்திருந்த அதே கம்பியில் பேசும் கருவியொன்றும் இருந்தது. இரவில் அவ்வலுவலகத்தில் தங்கியிருந்தவர் ஒரே ஒருவர். அவர் வயது முதிர்ந்த காவலாளர். ஐயம் அவர்மேல் விழுந்தது. எழுத்து மூலம் விளக்கம் தரும்படி அவருக்கு ஆணை பிறந்தது.

அப்பெரியவர் தமிழர். ஆங்கிலமும் தெலுங்கும் பேசுவார், எழுத அறியார். ஆதலால் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. அதில் நான்கே வரிகள் இருந்தன. தாம் போனைத் தொட்டதே இல்லை என்றும், இரவு முழுவதும் அந்தப் பெட்டி தானாகவே கூவுகிறது என்றும், சற்று நேரம் அடங்கி மறுபடி கூவுகிறது என்றும், அதனால் தமக்குப் பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அதைப் படித்தவர் சிலர் நகைத்தனர். பெட்டி கூவுகிறதாம் என்ற பகுதியை விட்டுவிட்டு, அவர் குற்றத்தை மறுக்கிறார் என்று மட்டும் எழுதிவிடலாமே என்று ஒருவர் எனக்கு யோசனையும் கூறினார். இருப்பதை இருக்கிறவாறே பெயர்ப்பது என்ற பழக்கத்தால் நான் நான்கு வரிகளையும் பெயர்த்துக் கொடுத்தேன்.

அவ்வறிக்கை எவ்வாறோ பொறியாளர் ஒருவரின் பார்வைக்குச் சென்றது. 'கூவுகிறது' என்ற சொல்லே அவருக்கு வழி காட்டிவிட்டது. கூவியது மோடம். அவர் திருப்பதிக்கு வந்து ரூட்டர் வைத்திருந்த பதிவைப் படித்தபொழுது, இரவும் பகலும் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை அது சித்தூரை அழைத்திருப்பது தெரிந்தது. நாளொன்றுக்கு 120 அழைப்புகள்! காரணம், கிளையிலிருந்த ஒரு கணிப்பொறி, தன்னோடு இணைந்துள்ள கணிப்பொறிகளின் பெயர்ப் பட்டியலைச் சித்தூரிலுள்ள தலைமைக் கணிப்பொறிக்கு அவ்விடைவெளியில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தது. பட்டியலில் மாற்றம் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. ஆயினும் அறிவிப்பு நிற்கவில்லை. பொட்டலம் வந்தால் அழை என்று ரூட்டருக்குச் சொல்லியிருந்தார்களேயன்றி, எந்தப் பொட்டலம் வந்தால் அழைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கருவி கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. பெரியவர்மீது எழுந்த பழி நீங்கியது. ஆயினும் அவர் அதன்பின் சில மாதங்களே அங்கு பணியாற்றினார் என்று கேள்விப்பட்டேன்.

இந்நிகழ்ச்சி தனிப்பட்ட ஒன்றன்று. அழைப்பு ரூட்டர்களைப் பயன்படுத்திய நாடுகள் எல்லாவற்றிலும் பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல் இது. கணிப்பொறிகள் இயல்பிலேயே வம்பு பேசுபவை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, மணி என்ன, பட்டியலில் மாற்றம் உண்டா என்று அவை ஓயாமல் தமக்குள் விசாரித்துக்கொள்கின்றன. வாடகைக் கம்பியில் இவ்வம்புக்குத் தனிச் செலவு இல்லை. அழைப்புக் கம்பியிலோ ஒவ்வொரு விசாரிப்புக்கும் மீட்டர் சுழலும்.

ரூட்டர்களே இவ்விதத்தில் பெரும் குற்றவாளிகள். எந்த ஊருக்கு எது வழி என்பதை அவை ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வது வழக்கம். 'ரிப்' என்னும் பழைய முறையில் இவ்வறிவிப்பு முப்பது விநாடிக்கு ஒருமுறை நிகழும். இதை அழைப்புக் கம்பியில் அனுமதித்தால் கம்பி ஒருபொழுதும் துண்டிக்கப்படாது; நாளின் 1,440 நிமிடங்களுக்கும் கட்டணம் ஏறும். ஆகவே அறிந்த பொறியாளர்கள், அழைப்புக் கம்பியில் இவ்வறிவிப்புகளை நிறுத்திவிட்டு, வழிகளைத் தம் கையாலேயே பட்டியலில் எழுதி வைத்தனர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே இருப்பது ஒரே வழி. அதை அரை நிமிடத்துக்கு ஒருமுறை பறைசாற்றுவானேன்? 1995-ஆம் ஆண்டில், மாற்றம் நேர்ந்தாலன்றி அறிவிப்பு அனுப்பாத வகையில் வேறொரு வழியறி முறைக்குத் திருத்தமும் வகுக்கப்பட்டது.

எந்தப் பொட்டலம் கம்பியை எழுப்பத் தகுதியுள்ளது என்று தீர்மானிப்பதே, ஆகவே, முதல் கடமை. பொறியியல் நூல்கள் அத்தகைய பொட்டலத்தைக் 'கவனத்துக்குரியது' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. கவனத்துக்குரிய பொட்டலம் கம்பியை எழுப்பும். எழுப்பிய பின், மற்றப் பொட்டலங்களும் அதன் துணையில் செல்லலாம். ஆனால் அவை கம்பியை எழுப்பவும் கூடாது. துண்டிப்பதற்கான எண்ணிக்கையைத் தடுக்கவும் கூடாது. ஓர் அதிகாரிக்காக எடுக்கப்பட்ட வண்டியில் அதே வழியே செல்லும் மற்றவர் ஏறிக்கொள்ளலாம். அவர்களுக்காக வண்டியை நிறுத்தி வைக்கலாகாது என்பது போன்றது இது.

இரண்டாவது கடமை, எப்பொழுது துண்டிப்பது என்று தீர்மானிப்பது. இதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருப்பதிக் கிளையிலிருந்து நாளுக்கு இருபது பதிவுகள் சித்தூருக்குப் போவதாகவும், ஒவ்வொன்றும் பத்துக் கிலோபைட் அளவுள்ளதாகவும் கொள்வோம். விநாடிக்கு 28,800 குறிகள் செல்லும் கம்பியில் ஒரு பதிவு செல்ல மூன்று விநாடி போதும். மறுமுனை எடுத்த கணத்திலிருந்தே கட்டணம் தொடங்குவதால், மோடங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும் அரை நிமிடத்துக்கும் காசு கொடுத்தாக வேண்டும். ரூட்டர் இரண்டு நிமிடம் காத்திருந்து துண்டிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பதிவுகள் தனித்தனியே சென்றால், ஒவ்வோர் அழைப்பும் 153 விநாடி நீளும். இருபதுக்கும் சேர்த்து 51 நிமிடம். அதில் உண்மையான வேலை ஒரே ஒரு நிமிடம்! மீதி ஐம்பது நிமிடமும் அறிமுகத்துக்கும் மௌனத்துக்கும் கொடுத்த கட்டணம். அதே இருபது பதிவுகளையும் மாலையில் ஒன்றாக அனுப்பினால், எல்லாம் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்படியாயின் காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடியாகச் சுருக்கிவிடலாமே எனலாம். அதுவும் பொருந்தாது. எழுத்தர் ஒரு விவரத்தைப் படித்துவிட்டு அடுத்ததைக் கேட்பதற்குள் கம்பி துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடியும் அரை நிமிட அறிமுகம். மறுபடியும் வாடிக்கையாளரின் காத்திருப்பு. ஆகவே, மனிதர் அமர்ந்து செய்யும் வேலைக்குச் சற்று நீண்ட பொறுமையும், இயந்திரம் தானே செய்யும் வேலைக்குக் குறுகிய பொறுமையும் வேண்டும். வேலையின் இயல்பை அறிந்தவர்தாம் இதைத் தீர்மானிக்க முடியும். அந்நாளில் இரவு முதிர முதிர வெளியூர்க் கட்டணம் பாதியாகவும் பின்னர் அதனினும் குறைந்தும் போனது. ஆதலால் காத்திருக்கக்கூடிய வேலையை இரவுக்குத் தள்ளிவைத்த அலுவலகங்கள் பெரிதும் மிச்சம் பிடித்தன.

மூன்றாவது கடமை, அழைப்பவர் யாரென்று அறிவது. வேண்டும்பொழுது அழைக்கலாம் என்றால், சித்தூர் மோடம் எந்நேரமும் அழைப்பை எதிர்நோக்கி இருக்க வேண்டும். அவ்வெண்ணை அறிந்த அயலார் ஒருவரும் அழைக்கலாமன்றோ? கடவுச் சொல்லைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கம்பியில் ஒட்டுக் கேட்பவன் அச்சொல்லைத் திருடிக்கொள்வான். ஆதலால் 'சாப்' என்றொரு முறை கையாளப்பட்டது. இரு ரூட்டர்களுக்கும் ஓர் இரகசியச் சொல் முன்பே தெரியும். சித்தூர் ரூட்டர் ஏதோ ஓர் எண்ணைப் புதிதாக எண்ணி அனுப்பும். திருப்பதி ரூட்டர் அவ்வெண்ணையும் இரகசியச் சொல்லையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். சித்தூரும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும். இரகசியம் கம்பியில் செல்வதே இல்லை. நேற்றைய விடை இன்றைக்கு உதவாது. அதில் பயன்பட்ட கணக்கு முறை இன்று வலுக்குறைந்ததாகக் கருதப்படுகிறது. எனினும் அதன் கருத்து இன்றும் வாழ்கிறது.

இதனினும் எளிய காவலொன்றும் இருந்தது. திருப்பதி அழைத்துத் தன் பெயரைச் சொன்னதும் சித்தூர் துண்டித்துவிடும். பின்னர்த் தன் பட்டியலில் உள்ள திருப்பதி எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும். பொய்ப் பெயர் சொன்னவனுக்கு அவ்வழைப்பு போய்ச் சேராது. கட்டணம் முழுவதும் தலைமை அலுவலகக் கணக்கில் ஏறுவதால், தணிக்கைக்கும் இது வசதியாயிற்று.

வேண்டும்பொழுது அழைக்கும் கம்பிக்கு மற்றொரு பயனும் உண்டு. பெரிய நிறுவனங்கள் வாடகைக் கம்பியையே முதன்மையாக வைத்துக்கொண்டு, அது அறுந்தால் மட்டும் அழைக்கும்படி தொலைபேசியைத் துணையாக வைத்தன. இதற்கு 'ஐ.எஸ்.டி.என்.' என்னும் எண்முறைத் தொலைபேசி மிகப் பொருத்தமாக இருந்தது. அதன் அடிப்படை இணைப்பில் விநாடிக்கு 64,000 குறிகள் செல்லும் இரு வழிகளும், அழைப்பதற்கென்றே ஒரு தனி வழியும் இருந்தன. குறிகளை ஒலியாக மாற்ற வேண்டிய தேவை இல்லாததால், ஓரிரு விநாடிகளிலேயே இணைப்பு அமைந்துவிடும்.

காலம் மாறிற்று. 2005-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அகலப்பட்டை இணையச் சேவையைத் தொடங்கியது. 2006 மார்ச் முதல், நாட்டில் எங்கு பேசினாலும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்னும் திட்டத்தை அது கொண்டுவந்தது. தொலைவுக்கேற்ற கட்டணம் என்ற பழைய கணக்கே பொருளிழந்தது. ஒளியிழைக் கம்பிகளும் கைப்பேசிக் கோபுரங்களும் பெருகின. அழைப்பு மோடத்தின் கூவலை இன்றைய இளைஞர் பலர் கேட்டதேயில்லை. ஆயினும் அதன் பின்னிருந்த கருத்து மறைந்துவிடவில்லை. ஒளியிழையை முதன்மை வழியாகக் கொண்ட அலுவலக ரூட்டர்கள் பலவற்றில், துணைக்கென்று ஒரு கைப்பேசி சிம் பொருத்தப்பட்டிருப்பதை இன்று காணலாம். முதன்மை வழி அறுந்தால் அது விழித்தெழுகிறது. சரியானதும் உறங்கச் செல்கிறது. பழைய அழைப்புக் கம்பியின் வாரிசே இது.

2021 நவம்பரில் திருப்பதியிலும் சுற்றுப்புறங்களிலும் பெருமழை பெய்து வெள்ளம் சூழ்ந்ததை நாம் அறிவோம். அத்தகைய நாட்களில் எந்தக் கம்பி நிற்கும், எது அறும் என்று யாரும் உறுதி கூற இயலாது. துணை வழி குறுகியது. அதில் எல்லாவற்றுக்கும் இடமில்லை. மருத்துவமனைக்கு வேண்டிய விவரம் முன்னே செல்ல வேண்டுமா, யாரோ ஒருவர் பார்க்கும் திரைப்படமா, கணிப்பொறி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையா என்று முன்கூட்டியே தீர்மானித்து வைக்காவிட்டால், நெருக்கடி வேளையில் வம்பு பேச்சே வழியை அடைத்துக்கொள்ளும். அன்று பில்லில் தெரிந்த பிழை, இன்று பில்லில் தெரியாமல், வேறு விதத்தில் தண்டிக்கும்.

ஆகவே, கூட்டுறவுச் சங்கச் செயலாளராயினும், பள்ளித் தலைமையாசிரியராயினும், சிறு மருத்துவமனையின் பொறுப்பாளராயினும், இத்தகைய இணைப்பை அமைக்கும் பொறியாளரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எது வந்தால் இந்த வழி திறக்கும்? எப்பொழுது அது மூடும்? திறக்கும்படி கேட்பவர் யாரென்று எவ்வாறு தெரியும்? இவற்றுக்கு விடையளிக்கப் பொறியியல் அறிவு மட்டும் போதாது. எந்த வேலை அவசரமானது, எது காத்திருக்கலாம் என்பதை அலுவலகம் நடத்துபவர்தாம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இயந்திரம் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அதன் விளைவுக்கு வேறு யாரோ பதில் சொல்ல நேரும்.

நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவில் பெட்டி தானாகக் கூவுகிறது என்று ஒருவர் சொன்னால், நகைப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.